சமையலறைக்குள் போன எல்லைக்கோடு

முடிச்சூர்,
வியாழன்

அன்புள்ள ரோஹிணிக்கு,

ஜெயவேலுவை நான் கடப்பாரையால் அடித்தேன் என்று கோவிலம்பாக்கம் சித்தி உனக்குச் சொன்னது பொய். குடையால் அடித்தேன், மூன்று முறை. மற்றபடி என் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

மழை வந்தால் நம் நகர்க்காரர்கள் கால்வாயில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை எதிர்க்கரைக்குத் தள்ளுவதும், அவர்கள் வந்து மூட்டைகளைக் கிழிப்பதும் உனக்குத் தெரியும். நீ வேலை பார்க்கும் வங்கி கடன் கொடுத்துக் கால்வாயைச் சீராக்கும், ஆனால் இரண்டு கரைச் சங்கங்களும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், கால்வாயின் எல்லையைப் பழைய வரைபடத்தின்படி திருத்த வேண்டும் என்று வங்கி அதிகாரிகள் சொன்னார்கள். ஒரு பாலத்துக்காக இரண்டு நாடுகள் ஒரே சோதனைச்சாவடிக்கு ஒப்புக்கொண்டதை நீ சொன்னாயே, அதை நம்பி நம் சங்கத்துக்கு நானும் எதிர்க்கரைக்கு அவர்கள் செயலாளர் உமரும் கையெழுத்திட்டோம். செவ்வாய்க்கிழமை காலை நிலம் அளப்பவர்கள் எல்லைக்கல் நட வந்தார்கள், கோடு நம் கரை ஜெயவேலுவின் சமையலறைக்குள் போனது. எங்க வூட்டு அடுப்பு மேல கோடு போட நீ யாரு மேடம் என்று என்னைக் கேட்டுக்கொண்டே, கல்லைப் பிடித்திருந்த உமரின் கையில் கடப்பாரையை இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எதிர்க்கரையிலிருந்து செங்கல் பறந்து வந்து, பக்கத்து வீட்டு குணாவின் பல் இரண்டு சேற்றில் விழுந்தன. பெண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஜெயவேலு அடுத்து உமரின் தலைக்கு ஓங்கியபோதுதான் என் குடை. அப்பா வாங்கிய குடை, கம்பி வளைந்துவிட்டது. உமர் ரத்தம் சொட்ட என்னைப் பார்த்து, மேடம், பதினோரு வீடு போகும்னு உங்க ஜனங்ககிட்ட சொல்லவே இல்லியா என்றார்.

சொல்லவில்லை. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, கூட்டத்தில் நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். அந்தப் பத்தியை வேண்டுமென்றே தாண்டினேன், பிறகு பேசி மாற்றிக்கொள்ளலாம் என்ற கர்வம். உமர் போலீஸிடம் யார் பெயரையும் சொல்லவில்லை. ஞாயிறு காலை இரண்டு கரைக்கும் சேர்த்துக் கூட்டம், எல்லோர் முன்னும் என் தப்பைச் சொல்லப்போகிறேன். வெறுங்கையோடு போனால் இந்த முறை பல்லோடு நிற்காது. என் மண்டை உடைந்தால் நியாயம், உமருடையது உடையக் கூடாது.

கம்பளி போடாமல் வெளியே போகாதே. மாடம்பாக்கம் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன், இருவரும் நிறைவாக வாழுங்கள். மாடி வீட்டு நிஷா இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். போனில் சமாதானம் சொல்லாதே. அந்தப் பதினோரு வீடுகளை விட்டுக் கோட்டைத் தள்ளி வரைய உன் வங்கி ஒப்புமா, ஒப்பாதா என்று விசாரித்து, சனிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் அனுப்பு.

உன் அம்மா,
கமலவேணி