ஆளில்லாத மூன்று படங்கள்

அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. என் கோபம் இன்னும் ஆறவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். புதுக்கோட்டை ஸ்டூடியோவின் பெரிய கேமராவை ஒரே மகளுக்கு விட்டுப்போனீர்கள், சந்தோஷம். ஆனால் கடற்கரையில் நான் படம் பிடித்த முதல் கண்ணாடி பிளேட்டை வெந்நீரில் போட்டுச் சுரண்டி, அந்தக் கண்ணாடியை யாருடைய கல்யாணப் படச் சட்டத்திலோ மாட்டினீர்களே, அதை எப்படி மறப்பேன்?

"ஆளில்லாத படம் ஒரு படமா ஆத்தா? வீண் பிளேட்டு" என்றீர்கள். பாழான பிளேட்டைச் சுரண்டிச் சட்டத்துக்கு வைப்பது நம் கடை வழக்கம்தான். என்னுடையது பாழாகவில்லை அப்பா.

நான் வாழ்க்கைப்பட்ட ஊரின் கரை உங்களுக்குத் தெரியும். அலையில்லாத சேற்றுக் கடல். நீர் வற்றியதும் பொடி நண்டுகள் மணலை மென்று துப்பி, வளையைச் சுற்றி உருண்டை உருண்டையாக வரிசை கட்டும். எனக்கு அதில் ஒரு பைத்தியம். போன மாசியில் மூன்று பிளேட் எடுத்தேன்.

யுத்த காலம் இல்லையா? கரையில் கேமரா கூடாதாம். யாரோ போய்ச் சொல்ல, கேமராவும் கழுவிப் படம் துலங்கியிருந்த பிளேட்டுகளும் ஸ்டேஷனுக்குப் போயின. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நண்டு வளை அவருக்குக் கோட்டையாகவும், உருண்டை வரிசைகள் அதற்குப் போகும் பாதைகளாகவும் தெரிந்தன. எதிரிக்கு மேப் எடுத்துக் கொடுக்கிறாயா என்று கேட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கரைக்கு வந்து பாருங்கள் என்றேன். வந்தார். படத்தில் இருந்த ஒன்றுகூட அங்கே இல்லை. கடல் அதை அழித்துவிட்டுப் போயிருந்தது, நண்டுகள் வேறு விதமாகப் போட்டிருந்தன. அவர் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து கேட்டாள்: "தெனமும் ரெண்டு வாட்டி அழியிற மேப்ப வச்சுக்கிட்டு எவனுங்க சண்டைக்கு வரப்போறான்?"

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் இளகினார். 'படம் ஒன்றும் விழவில்லை, பிளேட்டுகள் பாழ்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் குற்றமே இல்லை, எல்லாவற்றையும் எடுத்துப் போகலாம். இல்லையென்றால் யுத்தம் முடியும்வரை கேமரா ஸ்டேஷனில்தான் என்றார். எழுதிக் கொடுத்துவிடு என்று உங்கள் மாப்பிள்ளை கெஞ்சினார். கேமரா போனால் என் தொழிலே போயிற்று, அது எனக்கும் தெரியாதா?

பேனாவை வாங்கினேன். நீங்கள் சொன்ன 'வீண்' காதில் விழுந்தது. அந்த ஆத்திரத்திலேயே எழுதினேன்: 'இவை மணல். நான் பார்த்து, வேண்டுமென்றே எடுத்த நல்ல படங்கள்.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

வெறும் மணல்தானே என்று பிளேட்டுகளைத் தந்தார். கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. அழுதேன், மறைக்கமாட்டேன். கேமராவுக்காக அழுதேனே தவிர, அப்படி எழுதியதற்காக அழவில்லை.

இந்த யுத்தம் இன்னும் எத்தனை வருடம்? இருக்கட்டும். கேமரா கைக்கு வரும் அன்றே, நீர் வற்றும் நேரம் பார்த்து அதே கரைக்குப் போவேன், இது சத்தியம். அங்கே நீங்களே எழுந்து வந்து நின்றாலும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, நண்டு மேல நெழல் விழுது" என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
சொல்பேச்சுக் கேட்காத உங்கள் மகள்