மர்யமின் இரண்டு புள்ளிகள்

பாய்,

நேற்று ஓர் அம்மாள் என் கடைக்கு வந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு தங்கப் பதக்கத்தை வைத்தார். அரபு எழுத்தில் மர்யம் என்ற பெயர்; அதில் நடு எழுத்துக்குக் கீழே வரவேண்டிய இரண்டு புள்ளிகளும் கற்கள். அப்படித் தொங்கும் இரண்டு சிவப்புக் கற்களில் ஒன்று வளையம் தேய்ந்து கழன்றிருந்தது. உங்கள் நாணல் பேனாவின் வளைவு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கமர்ஷியல் தெருப் பட்டறையில் அந்தப் புள்ளிகளுக்காக நாம் மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? கல்லச்சுக் கூடத்தில் அச்சுக்காகப் புத்தகங்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்த உங்களை, ஒரு கல்யாண நகைக்காக என் முதலாளி அழைத்துவந்தார். காகிதத்தில் புள்ளி எழுத்தைத் தொடாமல் நிற்கும். தங்கத்தில் வெட்டினால் கீழே விழுந்துவிடும்.

"நடுவுல ஒரு கம்பி வெச்சுப் பத்த வெய்யி ஆசாரி, எவன் பாக்கப் போறான்?" என்றார் முதலாளி.

"கம்பி வெச்சா எழுத்தே கெட்டுப்போவும்," என்றீர்கள். "புள்ளிய தொங்க விடுங்க. பொண்ணு நடந்தா அதுவும் ஆடட்டும்."

பெண்ணின் தகப்பனார் நகையைக் கையில் வாங்கி, யார் யோசனை இது என்று மலர்ந்துபோய்க் கேட்டார். "எல்லாம் நம்ம யோசனைதான்," என்றார் முதலாளி. விரலெல்லாம் மசியோடு நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். வாய் திறக்கப்போன என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"சோடோ மெட்ரிக் சாப், விடுங்க!" என்று வெளியே வந்து சிரித்தீர்கள். மெட்ரிக் வரை படித்தவன் என்று எனக்கு நீங்கள் வைத்த பெயர் அது.

நான் விடவில்லை. அடுத்த மாதமே அந்தக் கடையை விட்டேன். நீங்கள் கடைசிவரை அந்த ஆளுக்கு சலாம் சொன்னீர்கள். நான் அவர் சாவுக்கும் போகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நேற்று வந்தவர் அந்தக் கல்யாணப் பெண்ணேதான். மர்யம் அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். பின்புறம் உங்கள் பெயரைப் பொறிக்கட்டுமா என்று கேட்டேன்.

"நல்லா இருக்கே! எம் பேருக்குப் பின்னால வேற ஆம்பள பேரா? எங்க வீட்டுக்காரர் என்ன நெனப்பார் ஆசாரியாரே?"

"ஒங்க பேர எழுதினவர்னு சொல்லுங்கம்மா."

பதக்கத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். "எங்க வீட்டு குர்ஆன்லயும் கடைசிப் பக்கத்துல எழுதினவர் பேரு இருக்கும்," என்றார். "சரி, சின்னதா போடுங்க."

நீங்கள் பெயர் போடும் விதம் என் கைக்கு இன்னும் மறக்கவில்லை பாய். முதலாளி மேல் உள்ள கோபமும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். இன்று காலை பொறித்து முடித்தேன். அம்மாள் கேட்டபடி சின்னதாகத்தான் வெட்டினேன். ஆனால் ஆழமாக.