மரியாதையாக ஓரம் போகச் சொல்வது

ஜூலை 8, செவ்வாய்

திருவொற்றியூரில் எங்கள் கண்டெய்னர் யார்டில் இன்று யாரும் சாகவில்லை. அதற்காக வரதன்மீது நடவடிக்கை.

புது மேனேஜர் அர்ஜுன் போனில் பேசிக்கொண்டே நடந்து, கிரேனில் தொங்கிய பெட்டிக்கு நேர் கீழே போய் நின்றுவிட்டார். தரையில் நின்று கிரேனுக்குக் கை காட்டும் சிக்னல்மேன் வரதன், "யோவ் சோமாரி, ஓரம் போய்யா!" என்று கத்தினார். மேனேஜர் துள்ளி விலகினார். பெட்டி அவர் நின்ற இடத்தில் உட்கார்ந்தது.

மாலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சௌக்கத் சார், வார்னிங் லெட்டர் ரெடி பண்ணுங்க. எல்லார் முன்னாடியும் என்னை சோமாரின்னான்."

இது வரதனுக்கு மூன்றாவது. ஜனவரியில் ஓர் ஆடிட்டர், ஏப்ரலில் ஒரு ஷிப்பிங் ஏஜெண்ட். இருவரும் நலமாக இருக்கிறார்கள். நலமாக இருந்ததால்தான் புகார் எழுத முடிந்தது. ஒரே வருடத்தில் மூன்று வாங்கினால் வேலை போய்விடும். கடிதத்துக்கு முன் ஒரு விசாரணை வைக்க வேண்டும். 21ஆம் தேதி என்று குறித்திருக்கிறார்.

ஜூலை 9, புதன்

கடிதத்தைத் தொடங்கும் முன் அகராதியைப் புரட்டினேன். பத்தொன்பது வருடமாக இந்த ஆபீசில் 'வார்ன்' என்ற வினையை எழுதிவருகிறேன். ஒருமுறைகூட அதன் பொருளைப் பார்த்ததில்லை.

வரப்போகும் கேட்டை முன்கூட்டியே சொல்வதாம். ஒன்றைப் பற்றி எச்சரிக்கலாம், ஒன்றைச் செய்யாதே என்று எச்சரிக்கலாம், ஒன்று நடக்கப்போகிறது என்றும் எச்சரிக்கலாம். எடுத்துக்காட்டுகளில் புயல், வழுக்கும் பாதை, கடிக்கும் நாய். எங்கள் ஆபீசில் அதற்கு ஒரே பயன்பாடு: எல்லாம் நடந்து முடிந்த பிறகு, இரண்டு பிரதியில், ஒப்புகைக் கையெழுத்துடன்.

எப்படிக் கத்த வேண்டும் என்று அகராதி எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

குற்றச்சாட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். வரதனுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் அவருடைய விளக்கத்தையும் நானே எழுத வேண்டியதாயிற்று. ஒரே பேனா.

"இன்னா பாய் எழுதணும்? அந்தாளு செத்துப் பூடக்கூடாதுன்னு கத்துனேன். அவ்ளோதான்."

நான்கு பத்தி எழுதிப் படித்து, தமிழில் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"இவ்ளோ பேசுனனா நானு? அதுக்குள்ள பெட்டி எறங்கி, லாரி எண்ணூர் பூட்ருக்குமே பாய்!"

ஜூலை 12, சனி

மீன் வாங்கக் காசிமேடு போனேன். வரதனின் மனைவி தாயம்மா அங்கே கூடை வைத்திருக்கிறார் என்பது தெரியும். வேறு பக்கமாகப் போயிருக்கலாம். போகவில்லை.

"வா பாய். எங்கூட்டுக்காரருக்கு சீட்டு கிழிக்கிறது நீதானாமே?"

வஞ்சிரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்தேன்.

"அவரு வாயி கலீஜ் வாயிதான், நான் இல்லன்னல. வூட்லயும் அதே வாயிதான். ஆனா பன்னெண்டு வர்சமா அவரு நிக்கிற எடத்துல ஒர்த்தனுக்கு ஒண்ணு ஆச்சா? சொல்லு. நாப்பத்தெட்டு வயசுல வேற எவன் அவரை வேலைக்கு வைப்பான்?"

மீனைச் சுத்தம் செய்து பையில் போட்டுக்கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று கடிதமும் என் கையால்— நல்ல இங்கிலீஷ்னு பேர் வேற. என்ன மனுஷன்யா நான்?

ஜூலை 14, திங்கள்

மேனேஜருக்கு ஒரு யோசனை. இனி எல்லா சிக்னல்மேன்களும் மரியாதையான ஒரே வாசகத்தைத்தான் சொல்ல வேண்டும். "நீங்களே நல்ல தமிழ்ல ஒண்ணு எழுதுங்க, சார்."

எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, தங்கள் தலைக்கு மேலே கண்டெய்னர் இறங்கிக்கொண்டிருப்பதால், தங்கள் பாதுகாப்பைக் கருதி, தயவுசெய்து சற்று விலகி நிற்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

மிகவும் பிடித்துவிட்டது அவருக்கு. 'பணிவுடன்' என்ற சொல்லைத் தனியாகப் பாராட்டினார். லேமினேட் செய்யச் சொன்னார்.

இந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. புது நடைமுறை எதுவானாலும் ஒருமுறை நேரில் செய்து பார்த்து, மேனேஜர் கையெழுத்திட்ட பிறகே போர்டில் ஏறும். அதை நினைவுபடுத்தினேன். விதி என்றால் அவருக்கு உயிர். வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

வாசகத்தை வீட்டில் மனைவி ரூபினாவிடம் படித்துக்காட்டினேன். பாதியில், "பால் பொங்குது!" என்றாள். அவள் சொன்னது இரண்டே சொல். பால் தப்பித்தது.

ஜூலை 17, வியாழன்

கிரேனில் காலிப் பெட்டி. கீழே, ஆளுக்குப் பதிலாக, கேன்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வாசகம் முடிந்ததும் நாற்காலியைக் கயிற்றால் இழுக்க ஓர் ஆள். கிரேன் ஓட்டும் ரவிக்குமாரிடம் மேனேஜரே சொன்னார்: "எப்பவும் இறக்குற ஸ்பீடுலயே இறக்குங்க."

வரதன் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, அட்டையைப் பார்த்து, நிதானமாக, உண்மையான பணிவுடன் படித்தார். 'இறங்கிக்கொண்டிருப்பதால்' வரை வந்தார். நாற்காலி போய்விட்டது.

"இன்னொரு தடவை. கொஞ்சம் வேகமா படிங்க" என்றார் மேனேஜர்.

இரண்டாவது நாற்காலி 'தங்கள் பாதுகாப்பைக் கருதி' நசுங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க ரவிக்குமார் மேலே கேபினில் மிகவும் பாடுபட்டது தெரிந்தது. மேனேஜர் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு நான் எங்க நின்னேன்?"

"அத்தே எடம் சார். போன்ல பேசிக்கினு இருந்தீங்க" என்றார் வரதன்.

மேனேஜர் ஒரு துண்டைக் காலால் ஓரம் தள்ளினார். பிறகு படிவத்தை வாங்கி, 'ஏற்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆபீசுக்குத் திரும்பும் வழியில் என் பக்கம் திரும்பாமல், "அந்த ஃபைலை மூடிடுங்க, சார்" என்றார்.

கேன்டீனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன்: இரண்டு நாற்காலிகள், பரிசோதனையில் செலவாயின.

ஜூலை 21, திங்கள்

விசாரணை நடக்கவில்லை. வெயில். மதியம் பிரியாணி.

ஆகஸ்ட் 4, திங்கள்

எண்ணூர் யார்டிலிருந்து பத்து சிக்னல்மேன்கள் பயிற்சிக்கு வந்தார்கள். வரதன் முன்னால் நின்று கத்த, பத்து பேரும் திருப்பிக் கத்தினார்கள். கடைசி வரிசையில் ஹெல்மெட்டுடன் மேனேஜர். அவர் முறை வந்தபோது, "ஓரம் போங்க" என்றார்.

"கேக்கலயே சார். 'ங்க'வ வூட்ல வெச்சிட்டு வாங்க. வயித்துலேர்ந்து வரணும்."

அர்ஜுன் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். கிரேன்மேல் இருந்த காக்கைகள் பறந்தன. பத்து பேரும் கை தட்டினார்கள்.

பயிற்சிப் பதிவேட்டை நான்தான் நிரப்ப வேண்டும். பயிற்றுநர்: வரதன். பயிற்றுமொழி என்று ஒரு கட்டம் இருந்தது. சற்று யோசித்துவிட்டு, 'தமிழ்' என்று எழுதினேன்.