வாளிக்குள் ஏழு புள்ளி ஒன்று

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

தாயும் குழந்தையும் நலம் என்று அறிந்து நிம்மதி. போனில் பேசினால் எனக்கு நாக்கு குழறும் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பதறாமல் படிக்க வரிசைப்படுத்தியிருக்கிறேன்:

1. நான் பார்த்தது.
2. செய்தவர் யார்.
3. உனக்கு இதில் எதுவும் தெரியாது.
4. எனக்கு என்ன ஆகும்.

முதலாவது. நேற்று நம் பட்டறையின் கழிவுநீர்த் தொட்டி அருகே பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா மூடி உருண்டு தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. குனிந்தேன். அங்கே ஒரு நீல வாளி, நிறையக் குழாய்த் தண்ணீர். தொட்டிக்குள் இருக்க வேண்டிய மீட்டரின் சென்சார் அந்த வாளிக்குள் தொங்குகிறது! முலாம் பூசிய சாமான்களைக் கழுவிய அமிலத் தண்ணீரை அளந்து, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரே எண்ணை அனுப்ப வேண்டிய கருவி, நாம் குடிக்கிற தண்ணீரை அளந்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. அமிலம் கூடினால் இறங்கும் அந்த pH எண் ஐந்தரைக்குக் கீழே போகக் கூடாது. நமக்கு முப்பத்தெட்டு நாளாக ஒரே 7.1. போன வாரம்கூட "என்ன ஒழுங்கான மீட்டர்!" என்று மெச்சினேன். முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு உறைக்கவில்லை. கால்வாயில் விழும் நம் தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்தேன். மூன்று.

இரண்டாவது. போர்மேனைக் கேட்டேன். "சார், நீங்க அதைப் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்குங்க. உங்களுக்கு பிபி வேற இருக்கு" என்றார். வாளி வற்றாமல் தினம் ஒரு குவளை ஊற்றுவதும் அவர்தானாம்.

மூன்றாவது. நீ முதலாளிதான், ஆனால் ஒன்றரை மாதமாக மகள் வீட்டில் இருக்கிறாய். ஆகவே உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நான்காவது. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே என் கையெழுத்து. பதின்மூன்றாம் தேதி அதிகாரி வருகிறாராம். ஜெயில் என்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கை நடுங்குவது இந்த எழுத்திலேயே தெரியும்.

உடனே ஒரு வரி எழுது.

உன் அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

உன் கடிதத்தைப் பிரிச்சதும் பரீட்சைத் தாளைத் திருத்தச் சொல்லி அனுப்பிட்டியோன்னு நினைச்சேன். நம்பர் போட்டுப் பயப்படற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். மாத்திரை ஒழுங்கா போடறியா?

போர்மேனைத் திட்டாதே. நான்தான் போன்ல அப்படிச் செய்யச் சொன்னேன். அமிலத்தை முறிக்கிற சுண்ணாம்புக் கரைசல் விடற பம்பு எரிஞ்சு போச்சு. புதுசு வர இன்னும் ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் பட்டறையை மூடினா அறுபது பேர் வீட்ல உலை கொதிக்குமா? ஆசைப்பட்டா செஞ்சேன்?

வர்றவர் பதிவேட்டைப் புரட்டுவார், டீ குடிப்பார், போயிடுவார். நீ வாயைத் திறக்காம பக்கத்துல நின்னா போதும். உன் முகத்தைப் பார்த்தா யாருக்கும் சந்தேகமே வராது. அதுக்குத்தானே அண்ணா உன்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில உட்கார வச்சேன்?

பாப்பா அச்சு அசலா உன் மூக்கோட பிறந்திருக்கா. பாவம்.

உன் தங்கச்சி


மார்ச் 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பம்புக்காக நீ பட்ட கவலை புரிகிறது. நாற்காலி பற்றிய வரியில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுபோனேன். எனக்கு வேதியியல் தெரியும் என்பதற்காகக் கூப்பிட்டாய் என்று நினைத்திருந்தேன்.

நேற்று கால்வாய்க்கு அந்தப் பக்கம் தக்காளி போட்டிருப்பவர், கருகிய செடி ஒன்றோடு வந்தார். போன மாதம் அவர் சந்தேகப்பட்டுக் கேட்டபோது பதிவேட்டைத் திறந்து காட்டியவன் நான். "நீங்க சொன்னதை நம்பி இன்னும் ரெண்டு பாத்திக்குப் பாய்ச்சினேன் சார்" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒருவேளை விதைதான் சரியில்லையோ?" என்று என்னிடமே யோசனை கேட்டார்.

இன்று அதிகாரி வந்தார். நீ சொன்னபடியே புரட்டினார், டீ குடித்தார், எழுந்தார். "கொஞ்சம் இருங்க" என்றது என் குரல்தான் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. வாளியைக் காட்டினேன். அவர் சென்சாரை எடுத்துத் தொட்டிக்குள் விட்டார். எண் 3.2க்கு இறங்கியது. கால்வாய்க் குழாயை அடைத்து முத்திரை வைத்துவிட்டார். பட்டறை நின்றுவிட்டது.

பிறகு வாக்குமூலம். "முதலாளியம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். உடனே, செய்தவர் என்று போர்மேனின் பெயரை எழுதிக்கொண்டார். போர்மேன் அங்கேயேதான் நின்றார். என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

முப்பத்தெட்டு நாள் போட்டது தெரியாமல் போட்ட பொய். இது தெரிந்தே போட்டது. போடும்போது கை நடுங்கவே இல்லை. இதுவரை பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. இப்போது என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய அலுவலகத்துக்குப் போகிறேன். இது சனிக்கிழமையே உன் கைக்கு வந்துவிடும். அதற்குள் நீயே அவரை அழைத்துச் சொல்லிவிட்டால், நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நிற்கிறேன். இல்லையென்றால் உனக்கு எழுதுவதையே அவருக்கும் எழுதிக் கொடுப்பேன். என் முதல் கடித வரிசையில் மூன்றாவதாக எழுதியது தவறு.

உன் அண்ணன்