எழுபத்திரண்டு வாரத்து வருடம்

புதுச்சத்திரம்
தை 28

அன்பு மகள் கிருத்திகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் ஷெட்டில் உள்ள பன்னிரண்டாயிரம் கோழிகளும் சுகம். அங்கே நீ ஒருத்திதான், உன் ஒருத்தியின் சுகத்தை எழுத உனக்கு நேரம் கிடைத்தால் எழுது சாமி. டப்ளினில் குளிர் இன்னும் விடவில்லை என்று சொன்னாய், தலை ஈரத்தோடு வெளியே போகாதே. இந்தக் கடிதம் அம்மா அனுப்பும் பருப்புப்பொடி பார்சலுக்குள் வருகிறது, பூண்டு வாசம் அடித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் பேசினால் உங்கம்மா பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் நீ புது வருடத்துக்கு அனுப்பிய விஷன் பேப்பரைப் பற்றி. அடுத்த டிசம்பர் கடைசியில் நின்று திரும்பிப் பார்ப்பதாக நினைத்து, இந்த வருடம் நான் எப்படி இருந்தேன் என்று கையால் எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கக் கூடாது என்று உன் ஆபீசில் சொல்லிக்கொடுத்ததை எங்களுக்கும் பரீட்சையாக வைத்துவிட்டாய். பத்தாவதோடு பரீட்சையிலிருந்து தப்பித்தவன் நான், பெற்ற மகளே தேடிப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். நீ கட்டம் கட்டிக் கொடுத்த பன்னிரண்டு மாதம் எனக்கு ஒத்துவரவில்லை. பேப்பரைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எழுபத்திரண்டு வாரமாகப் பிரித்து எழுதினேன். முதல் வாரம் குஞ்சு இறக்குவது, இருபதாவது வாரம் முட்டை ஆரம்பம், இருபத்தெட்டில் நூறு கோழிக்குத் தொண்ணூற்றைந்து முட்டை, இடையில் வெயிலுக்குக் கூரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய் மாற்றுவது, எழுபத்திரண்டில் பேட்ச்சைக் கழித்து விற்பது. எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று பெருமையோடுதான் அனுப்பினேன். நீ போனில் ஐந்து நிமிடம் சிரித்துவிட்டு, வருசத்துக்கு அம்பத்திரண்டு வாரந்தானுங்கப்பா, அதையாவது உட்டுரலாம், இதுல நீங்க எங்கீங்கப்பா இருக்கறீங்க, எழுபத்திரண்டாவது வாரம் உங்களையும் கூண்டுல போட்டு லாரில ஏத்தீருவாங்களா என்று கேட்டாய். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு அவ்வளவாக வரவில்லை. ஒரு கோழியின் ஆயுசை என் வருடம் என்று எழுதியிருக்கிறேன், எழுதும்போது ஒரு இடத்தில்கூடச் சந்தேகம் வரவில்லை.

உங்கம்மா முதலில், எனக்கெதுக்குங்க இந்தக் கூத்தெல்லாம் என்று பேப்பரை பிரிட்ஜ் மேலே போட்டுவிட்டாள். நான்கு நாள் கழித்து அவளாகவே எழுதி என்னிடம் கொடுத்து, படிக்காமே போட்டோ புடிச்சுப் புள்ளைக்கு அனுப்புங்க என்றாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டோ எடுக்க எனக்குத் தெரியாது. ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள், இந்த வருடம் நானும் அவரும் ஒரு விசேஷத்துக்காவது ஒன்றாகப் போய் ஒரே பந்தியில் சாப்பிட்டோம் என்று. நீயும் அதைப் பார்த்துவிட்டு அப்பா படிச்சீங்களா என்று மட்டும் கேட்டாய். படித்தேன். உனக்குத் தெரியாததா, இருபத்து நான்கு வருடமாகப் பண்ணையை விட்டு நாங்கள் இருவரும் ஒரே நாளில் வெளியே போனதில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட ஆள் வேண்டும், தீவனம் வந்தால் இறக்க வேண்டும். கல்யாணம் என்றால் நான் முகூர்த்தத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டு வண்டியைத் திருப்புவேன், அவள் முந்தின நாள் ரிசப்ஷனுக்குப் போய் வந்திருப்பாள். உங்கம்மா சொந்தத்தில் எங்களுக்கு ஷிஃப்ட்டுக்காரங்க என்றே பெயர். உன் பட்டமளிப்புக்கும் அவள் மட்டும்தான் வந்தாள், போட்டோவில் உனக்கு ஒரு பக்கம் காலியாக இருக்கும். அதையெல்லாம் இத்தனை நாள் பொறுப்பு என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு வரியைப் படித்தபோது வெட்கமாக இருந்தது சாமி, ஆசை என்று கேட்டால் ஒரு வேளைச் சோற்றையா கேட்பாள் ஒரு மனுஷி.

ஆத்தூரில் உன் மாமன் மகள் தனப்பிரியாவுக்குக் கல்யாணம் வந்தது. நானும் வருகிறேன் என்றதும் உங்கம்மா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், ஏனுங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதுங்களா என்றாள். பண்ணையில் வேலை பார்க்கும் சிவக்குமாரிடம் ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர், பத்து வருசமா நாந்தானுங்க பாக்கறேன், நீங்க சும்மா நிக்கறீங்க, போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டார். கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் வீட்டைப் பூட்டப் பூட்டு இல்லை. எப்போதும் ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் பூட்டு எதற்கு, வாங்கியதே இல்லை. புதுச்சேலையோடு உங்கம்மா வாசலில் நிற்க, நான் வண்டியில் கடைவீதிக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தேன். ஆத்தூர் போய்ச் சேருவதற்குள் சிவக்குமாருக்கு ஏழு தரம் போன் செய்தேன் என்று உங்கம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள், ஐந்து தரம்தான்.

பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் சாப்பிடும் வேகம் உனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு ரசம் வருவதற்குள் எனக்கு முடிந்துவிட்டது, பழக்கத்தில் எழப்போனேன். அவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, பாதிப் பந்தில எந்திரிச்சா நல்லாவா இருக்கும், உக்காருங்க என்றாள். வேறு வேலை இல்லாமல் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கம்மா அப்பளத்தை முதலில் தொடுவதில்லை. இலையின் ஓரத்தில் பத்திரமாக ஒதுக்கி வைத்து, கடைசியில் மோர்ச் சோற்றுக்கு ஒவ்வொரு துண்டாக உடைத்து, அவசரமே இல்லாமல் சாப்பிடுகிறாள், அப்போது அவள் முகம் சின்னப்பிள்ளை முகமாக இருக்கிறது. கல்யாணமாகி இருபத்தேழு வருடம். எனக்குப் பரிமாறிவிட்டு நான் ஷெட்டுக்குப் போன பிறகுதான் தினமும் அவள் சாப்பிட உட்காருகிறாள், அதனால் இது எனக்குத் தெரியாது. என் அப்பளத்தை நான் முதல் வாய்ச் சோற்றோடே நொறுக்கித் தின்றிருந்தேன். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொன்று வாங்கி அவள் இலையில் வைத்தேன். எதுக்குங்க என்றாள். சும்மாதான் என்றேன்.

உன் பேப்பரைத் திரும்ப எழுதிவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சொன்னபடியே நடந்து முடிந்ததாகவே எழுதியிருக்கிறேன், இந்த வருடம் நான் தினமும் மதியம் உங்கம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று. எழுதி ஒன்பது நாள் ஆகிறது, ஏழு நாள் நடந்தது, இரண்டு நாள் தீவன லாரி வந்துவிட்டது, மார்க்கை நீயே போட்டுக்கொள். எங்களுடையது வந்த பிறகு நீ அனுப்பிய உன்னுடையதையும் பார்த்தேன். பிரமோஷன் இருக்கிறது, பத்து கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது, இருபது புத்தகம் இருக்கிறது, கலர் கலராகக் கட்டம் இருக்கிறது, மனுஷர் ஒருத்தர் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாயே அம்மிணி, என்னுடையதில் கோழியாவது இருந்தது. நாம் மூன்று பேர் முதலில் எழுதியதில், தன்னோடு இன்னொரு ஆளையும் சேர்த்து எழுதியது உங்கம்மா மட்டும்தான்.

குலசாமி துணையிருக்கும், நீ நினைத்ததெல்லாம் நடந்து நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. பருப்புப்பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடு, வெண்ணெய் போடாதே, உங்கம்மா கேட்டால் வருத்தப்படுவாள். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது, அங்கே தினமும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய். லேப்டாப் என்று எழுதாதே.

இப்படிக்கு
உன் அப்பா
கதிர்வேல்