பால்குடத்துக்கு முன் எடுத்த ஸ்கேன்

நவம்பர் 17, 2025
பிரிக்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். முப்பது வருஷம் லோரி ஓட்டிய என் வீட்டுக்காரர் பழனியப்பனுக்கு வலது தோள் மூட்டையே மாற்ற வேண்டுமாம். முன்பக்கத் தசைநாரை அறுத்துத்தான் உள்ளே போக முடியும். முடிந்ததும் திரும்பத் தைக்க வேண்டும். தைக்க வந்தால்தான் கை முதுகுக்குப் பின்னால் போகும். டாக்டர் சிவநேசன் ஸ்கேனைக் காட்டினார். "படத்துல நார் நல்லா இருக்கு ஆன்டி. தைக்க வரும்னுதான் தோணுது." ரவிக்கை தைப்பவள் எனக்கா புரியாது? துணி நைந்திருந்தால் எந்தத் தையலும் நிற்காது.

இவருக்கு ஒரே கவலைதான். "குளிச்சா என் முதுக நானே தேய்ச்சுக்கணும். இன்னொருத்தர் கைய எதிர்பார்த்து நிக்க மாட்டேன்."

நவம்பர் 18
எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இவர் பத்துமலையில் பால்குடம் எடுப்பார் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். சத்தமாகத்தான்.

ஜனவரி 20, 2026
அறுவைச் சிகிச்சை பிப்ரவரி 12. பாரம் தூக்காதீர்கள் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. இன்று கேஸ் தோம்பை, அந்த முழுச் சிலிண்டரைத் தூக்குகிறார். மனிதரா இவர்!

பிப்ரவரி 1, தைப்பூசம்
போர்ட் கிள்ளானில் நண்பர் லோகன் வீட்டுக்கு என்று காலையில் கிளம்பினார். மத்தியானம் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. மஞ்சள் வேட்டி, தலையில் பால்குடம், பின்னால் பத்துமலைப் படிகள்!

சாயங்காலம் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். "கூட்டத்துல ஒருத்தன் இடிச்சான். குடத்த விடாம புடிச்சேனா, கை பின்னால மடங்கிருச்சு. லேசான வலிதான் லா."

லேசாம்! சட்டையைக் கழற்றவே இருபது நிமிஷம். அறிவு இருக்கா உங்களுக்கு, பதினோரு நாள் சும்மா இருக்க முடியாதா என்று கத்தினேன்.

பிப்ரவரி 4
டாக்டரிடம் சொல்லாதே என்று கெஞ்சினார். சொன்னேன். "அப்போ பழைய படத்த நம்ப முடியாது ஆன்டி" என்று மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நார் கிழிந்து உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. தைக்க வருவது சந்தேகம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

திரும்பும் ரயிலில் நான் இவர் முகத்தையே பார்க்கவில்லை. கிள்ளானில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார். "நீதானே தங்கம் வேண்டிக்கிட்ட? ஆபரேஷனுக்கு அப்புறம் இந்தக் கை குடம் தூக்குமோ என்னமோ. நேர்த்தி நின்னு போச்சுன்னா உன் மனசு கேக்காது. அதான் முன்னாடியே..."

முன்னாடியே! ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? வேண்டிக்கொண்டது நான். தோள் அவருடையது. ஒரு வார்த்தை கேட்டேனா?

பிப்ரவரி 12
மூட்டு நன்றாகப் பொருந்திவிட்டது. நாரை இரண்டு முறை தைத்துப் பார்த்தார்களாம். பிய்த்துக்கொண்டு வந்துவிட்டதாம்.

மே 9
வலி இல்லை. கை தலைவரை போகிறது. பின்னால்தான் போகவில்லை. குளியலறையிலிருந்து "தங்கம்" என்று கூப்பிட்டுவிட்டு, கூப்பிடாதவர் மாதிரி தண்ணீரைத் திறந்துவிடுகிறார். நான் போய் முதுகு தேய்த்துவிடுகிறேன்.

இன்று அவருடைய நான்கு கால்சட்டைகளிலும் பின்பாக்கெட்டைப் பிரித்து முன்னால் வைத்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தார். பர்ஸை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "நல்லா இருக்கு."

விளக்கேற்றிக் கும்பிட்டேன். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.