சுரங்கச் சாலையில் நீ கேட்காத கயிறு

என் பிரியமான மாப்பிள்ளை காசிமுக்கு,

நீ மணல் ஆற்றில் ஜீப்போடு போய்விட்டாய். கயிறு கேட்டிருந்தால் பிழைத்திருப்பாய். கேட்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். உன் மௌத்தைப் பற்றி ரங்கூனில் வேறு கதை உலவுகிறது. அது உன் காதுக்கும் எட்டி, நீயே அதை நம்பிவிடக் கூடாது என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

நேரில் பார்த்திருந்தால் வேறு வார்த்தையில் ஆரம்பித்திருப்பேன். நாலு பேர் படிக்கப் போகும் கடிதம் என்பதால் அடக்கிக்கொள்கிறேன். அவர்களுக்கு நம்மைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். உனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லையே?

அண்ணனான என்னைக் காக்கா என்று கூப்பிடும் தங்கை மைமூனைக் கட்டியவன் நீ. எனக்கு க்யிம்யிண்டைங் படித்துறைப் பக்கம் ஜீப் சாமான் கடை. சாக்கை விரித்து, துருப்பிடித்த போல்ட்டும் நட்டும் பரப்பி ஆரம்பித்த கடை அது. யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை, நானும் யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை. சண்டைக் காலத்தில் வந்திறங்கிய ஜீப்புகள் இந்த நாட்டில் இன்னும் சாகாமல் ஓடுகின்றன. அவை ஓடும் வரைக்கும் எனக்குச் சோறு. அதில் ஒன்றை நீ எலும்புக்கூடாக வாங்கிவந்து, பழைய எஞ்சினையே உயிர்ப்பித்து ஓட்டினாய். அந்த வேலையில் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஊரில் அதைப் போல இன்னொரு வண்டி இல்லை.

அந்த வண்டியால்தான் ஊ டின் கூட்டத்தில் உனக்கு இடம் கிடைத்தது. ஊ டின் ஜல்லி ஒப்பந்தக்காரர், கூட்டத்துக்குத் தலைவர். ரேஷன் பெட்ரோலை மிச்சம் பிடித்துச் சேர்த்து வைத்து, பாதை இல்லாத இடமாகத் தேடிப்போய் ஓட்டும் பணக்கார விளையாட்டு அது. த்வாண்டே பக்கம் சேற்றில் புதைவார்கள், மலையில் ஆக்ஸிலை முறிப்பார்கள். கடைசி வண்டியில் நான் சாமான் பெட்டியோடு போவேன். ஃபேன் பெல்ட்டுக்குக் கடையில் ஒரு விலை, காட்டில் ஒரு விலை. அதை நான் ஒளித்ததே இல்லை. "உன் மச்சான் நம்ம பின்னாலயே வர்ற கழுகு" என்று ஊ டின் உன்னிடம் சொல்வார். சரியாகத்தான் சொன்னார்.

உன்னை அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் ஞாபகம் இருக்கிறதா? இந்தியனை இந்த ஊரில் 'கலா' என்பார்கள். அதை அன்பாகவும் சொல்லலாம், துப்புகிற மாதிரியும் சொல்லலாம். "கலா வண்டிக்குப் பின்னால போகாதீங்கப்பா, புகையிலயும் மசாலா வாசனை வருது" என்பார்கள். நீ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாய். ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் படுத்துக்கொள்வாய். "விடு மாப்பிள்ளை, காசு குடுக்குறவன் பேசட்டும்" என்று நான் சொன்னால், "உங்களுக்குக் குடுக்குறான் மச்சான், எனக்கு என்ன குடுக்குறான்?" என்று திருப்பிக் கேட்பாய்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி மாட்டிக்கொண்டால், ஓட்டுகிறவன் தன் வாயால் கயிறு கேட்க வேண்டும். கேட்காமல் யாரும் இழுக்க மாட்டார்கள். கேட்டுவிட்டால், ஒரு தமெயினை, அதாவது பெண்கள் இடுப்பில் கட்டும் லுங்கியை, ஜீப்பின் முன்னால் கொடியாகக் கட்டி ரங்கூன் வரைக்கும் ஓட்டிவர வேண்டும். பர்மிய ஆணுக்கு இதைவிட அவமானம் கிடையாது. பெண் கட்டிய துணிக்குக் கீழே தலை போனால் ஆணின் மகிமையே போய்விடும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்துகூடப் போகமாட்டார்கள். நமக்கு அந்த நம்பிக்கை உண்டா? இல்லை. ஆனால் நீ அவர்களைவிட அதிகமாக நம்பினாய்.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருவர் அந்தத் துணியைக் கொண்டுவர வேண்டும். அந்தத் தடவை உன் முறை. கடையில் மலிவாக ஒன்று வாங்கியிருக்கலாம். நீ மைமூனின் அலமாரியைத் திறந்து, பெருநாளைக்கு அவள் கட்டும் மஞ்சள் தமெயினை, அரக்குக் கரை போட்டதை, அவளிடம் சொல்லாமல் எடுத்துவந்தாய். "நல்ல துணியா கொண்டாந்தாத்தான் மதிப்பு" என்று ஊ டின் கையில் கொடுத்தாய். யாரிடம் மதிப்பு, மாப்பிள்ளை?

மேல் பர்மாவின் அந்த வறண்ட பூமியைப் பார்த்திராதவர்கள் பர்மாவில் பாலைவனமா என்று கேட்பார்கள். பனையும் முள்ளும் தவிர அங்கே எதுவும் நிற்காது. வெள்ளைக்காரன் தோண்டிவிட்டு, சண்டை வந்ததும் போட்டுவிட்டுப் போன சுரங்கம் ஒன்று மலைமேல் இருக்கிறது. அதற்குப் போகும் பாதையில் மனிதன் நடந்தே பல காலம் ஆகிறது. பாதி தூரத்தில் பாதை சரிந்து கிடந்தது. பக்கத்தில் ஓடிய காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி மேலே போகலாம் என்றார் ஊ டின். மலைப்பக்கம் கருத்திருந்தது. ஆனால் நம் தலைக்கு மேல் வெயில் கொளுத்தியது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து எதிர்க் கரை ஏறின. நீ நடு மணலில் புதைந்தாய். நான் உனக்குப் பின்னால், இந்தக் கரையில் நின்றேன்.

"கேளு! கேட்டுடு!" என்று எதிர்க் கரையிலிருந்து ஊ டின் கத்தினார். உன் பொண்டாட்டியின் துணியை ஒரு குச்சியில் கட்டி ஆட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் வீடியோ எடுத்தான். நீயும் சிரித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தாய். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி இறங்கியது.

நான் மலையைப் பார்த்தேன். "மாப்பிள்ளை, மேலே மழை. வண்டியை விட்டுட்டு வாடா!" என்றேன்.

"இறங்கினா கேட்ட மாதிரிதான் மச்சான். கலா கேட்டுட்டான்னு காலத்துக்கும் சொல்லுவானுங்க."

"சொல்லட்டுமே! சொன்னா தோலா உரிஞ்சுடும்?"

"ரங்கூன் கடைத்தெருவுல மைமூன் துணியக் கட்டிக்கிட்டு நான் வரணுமா?"

இதுதான் நீ கடைசியாகப் பேசியது. எனக்கு அதற்குப் பதில் இருந்தது. சொல்ல நேரம் இருக்கவில்லை. தண்ணீர் அலை அலையாக வரவில்லை. ஒரு சுவர் நடந்து வருவதைப் போல வந்தது. அப்போது நீ கேட்காமலே எல்லோரும் கயிறு வீசினார்கள். கயிறு தண்ணீர்மேல்தான் விழுந்தது.

உன் மய்யித்தை மறுநாள் ஆற்றிலிருந்து எடுத்தோம். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் ஐந்தாறு பேர் நின்று தொழுது அடக்கினோம். ரங்கூன் வரைக்கும் கொண்டுவரும் நிலையில் உன் முகம் இல்லை. மைமூன் பார்க்கவில்லை. உன் ஜீப் ஆற்றின் கீழ்ப்பக்கம் கவிழ்ந்து கிடந்தது. மாடு கட்டி இழுத்து, லாரியில் ஏற்றி உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினேன். எஞ்சினை நானே கழற்றி மணலைக் கழுவினேன். சொன்னால் நம்பமாட்டாய், ஹாண்டிலை மூன்றாவது தடவை சுற்றியதும் ஓடியது. உன்னைவிட நல்ல பொருளால் செய்திருக்கிறார்கள் அதை.

ஊ டின் உன் வீட்டுக்கு ஒரு கதையைக் கொண்டுபோனார். பின்னால் வந்த வண்டிகளைக் காப்பாற்ற நீ ஆற்றின் நடுவில் நின்று எச்சரித்தாயாம், அப்போது வெள்ளம் அடித்ததாம். மைமூன் அதைப் பிடித்துக்கொண்டாள். நீ போன பிறகு வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருந்த மாதங்கள் முழுவதும் பார்க்க வந்த பெண்களிடம் அதையே சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வாடிக்கைக்காரர் கேட்காத சரக்கை எடுத்துக் காட்டுவது என் பழக்கம் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. மஞ்சள் தமெயினைக் காணோம் என்று அவள் தேடினாள். வீட்டு வேலைக்கு வந்த மா ஏ என்ற பெண்ணைச் சந்தேகப்பட்டு, அழ அழ வெளியே அனுப்பினாள். அந்தப் பெண் வாசலில் நின்று சத்தியம் செய்தபோது நீ எங்கே இருந்தாய்?

இத்தா முடிந்த வாரமே ஊ டின் ஜீப்பைக் கேட்டு வந்துவிட்டார். மழைக்காலம் போனதும் அந்தச் சுரங்கச் சாலையை ஏறி முடிக்கப் போகிறார்களாம். உன் வண்டிதான் முன்னால் போக வேண்டுமாம், நீ இருந்த மாதிரியே இருக்குமாம். மைமூனை இளக்குவதற்காக ஒரு சிடியும் கொண்டுவந்தார். நீ சிரிக்கிற படமெல்லாம் சேர்த்து, பாட்டு போட்டு, வெள்ளத்துக்கு முன்னால் வெட்டி நிறுத்திய படம். மத்தியானம் கரண்ட் இருந்த நேரத்தில் போட்டுக் காட்டினார்.

நீ மணலில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மைமூன் முந்தானையால் வாயைப் பொத்தினாள். படம் கரைப்பக்கம் திரும்பியது.

"நிறுத்துங்க. இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

போட்டார். அவள் திரையின் பக்கத்தில் போய் நின்றாள். "ஊ டின், அந்தக் குச்சியில இருக்கறது என் துணி. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

ஜல்லி ஒப்பந்தக்காரர் இருமினார். தண்ணீர் கேட்டார். மைமூன் என் பக்கம் திரும்பினாள். "காக்கா, நீங்க அங்கதானே இருந்தீங்க?"

கேட்டுவிட்டாள், ஆகவே சொன்னேன். வழக்கத்தைச் சொன்னேன், துணியைச் சொன்னேன், நீ கடைசியாகப் பேசியதைச் சொன்னேன். எதிலும் தேன் தடவவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள், மாப்பிள்ளை. கேட்க நன்றாக இருக்கவில்லை.

"அதுக்காகவா? என் துணியைக் கட்டிக்கிட்டு வந்திருந்தா வெத்தலைக் கடைக்காரன் நாலு நாள் சிரிச்சிருப்பான். அஞ்சாம் நாள் மறந்திருப்பான். அந்த நாலு நாளைத் தாங்க முடியலையா அவருக்கு?"

நீயே சொல்லேன்.

பிறகு அவள் ஊ டின்னிடம் பர்மிய மொழியில் மெதுவாகப் பேசினாள். "வண்டி உங்களுக்குத்தான். விலையைக் காக்காகிட்ட பேசிக்குங்க. என் தமெயின் எனக்கு வரணும்."

"பத்திரமா வச்சிருக்கேன் மா மைமூன். டிரைவர்கிட்ட குடுத்தனுப்பறேன்."

"டிரைவர் வேணாம். நீங்க கொண்டாரணும். தலைமேல வச்சு."

அவர் எழுந்தே விட்டார். உன்னைக் கலா என்று கூப்பிட்ட வாய் திறந்தபடி நின்றது. "இது முறையில்லம்மா. நான் வயசானவன். எனக்குப் பேரு இருக்கு."

"அவருக்கும் இருந்துச்சு."

அவர் கோபமாக வாசல் வரைக்கும் போனார். அங்கே கியாக்தானிலிருந்து வந்த பழைய இரும்புக்காரன் கேஸ் கட்டரோடு நின்றிருந்தான். அவனை வரச் சொன்னது நான்தான். பேரம் பேசப் போகும்போது இன்னொரு வாடிக்கைக்காரன் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். அது என் தொழில், மைமூன் சொல்லிச் செய்ததில்லை. ஆனால் அவள் அவனைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "உங்களுக்கு வேணாம்னா இவர் இப்பவே வெட்டி எடுத்துக்குவார்" என்றாள். இரும்புக்காரன் உன் ஜீப்பின் பானெட்டில் கையை வைத்து, எங்கே வெட்டலாம் என்று தட்டிப் பார்த்தான். ஊ டின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ செத்தபோதுகூட அவர் அப்படிப் பதறவில்லை.

அதற்குப் பிறகு நடந்த பேரத்தை மீன்கடையில்கூட நான் கேட்டதில்லை. தோளில் வைத்துக்கொள்ளலாமா என்றார். தோளில் வைப்பது துண்டு என்றாள். பையில் போட்டுத் தலையில் வைக்கிறேன் என்றார். பை கூடாது, மடித்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். இருட்டினதும் வரட்டுமா என்றார். கூடாது என்றாள். வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் வைத்துக்கொள்கிறேன் என்றார், அவள் கடைத்தெரு முனையிலிருந்து என்றாள். கடைசியில் குடையாவது பிடித்துக்கொள்ளலாமா என்றார். "மழை பெஞ்சா நனையட்டும்" என்றாள். என் வாழ்நாளில் இத்தனை பேரம் பேசியிருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக ஒருவரைத் தோலுரித்ததில்லை. இவளை ஏன் கடையில் உட்கார வைக்காமல் போனேன் என்று தோன்றியது.

அவர் போன பிறகு, "அந்தத் துணி வந்தா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"கட்டிக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போவேன்" என்றாள். மா ஏயைத் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்பினாள். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

உனக்காக யாசீன் ஓதுகிறோம். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்றை உனக்கு வாக்காகத் தருகிறேன்: பேசியது பேசியபடி நடக்கும், ஒரு அடிகூடக் குறையாமல் நான் நின்று பார்ப்பேன்.

முடிந்த பேச்சு இது. ஜீப் ஊ டின்னுக்கு, நான் சொன்ன விலையில், முழுவதும் ரொக்கமாக, தள்ளுபடி கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை விட்டுத் தெருவில் ஆள் நிறைந்திருக்கும் நேரத்தில், கடைத்தெரு முனைத் தேநீர்க் கடையிலிருந்து மைமூன் வாசல் வரைக்கும் அவர் நடந்து வர வேண்டும். துணி தலைமேல், மடித்தபடி, மூடாமல். குடை கிடையாது. கையால் பிடித்துக்கொள்ளலாம், அதை மட்டும் விட்டுக்கொடுத்தோம். வழியில் கீழே விழுந்தால் முனையிலிருந்து மறுபடி. மைமூன் தன் கையால் துணியை எடுத்த பிறகுதான் சாவி.

உன் பொண்டாட்டிக்குக் காக்கா,
உனக்கு மச்சான்,
ஜீப் சாமான் கடை ஹனீபா